எல்லாப் பேனாக்களும் புத்தகங்கள்

வங்கித் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு ஒரு சமாதானம் சொல்கிறார்கள்: வேலை கிடைக்காவிட்டால் என்ன, சிலாஜிசம் (கொடுத்த கூற்றுகளிலிருந்து எந்த முடிவு வரும் என்று கேட்கும் கேள்வி) போட்டுப் போட்டு மூளை தருக்கத்துக்குப் பழகிவிடும். பயிற்சி மையங்கள் சொல்லலாம், அது அவர்கள் பிழைப்பு. படித்தவர்களும் சொல்வதுதான் இடிக்கிறது.

நன்மை இல்லாமல் இல்லை. கூற்றுகளை வட்டங்களாகப் போட்டுப் பழகியவர், எல்லாப் பூனையும் விலங்கு என்பதைத் திருப்பி, எல்லா விலங்கும் பூனை என்று படிக்கமாட்டார். தொலைக்காட்சி விவாதக்காரர்களில் பலருக்கு இதுகூட வாய்க்கவில்லை.

ஆனால் அங்கே மதிப்பெண் வாங்கித் தருவது பெரும்பாலும் தருக்கமல்ல, வழக்கம். 'எல்லாப் பேனாக்களும் புத்தகங்கள்' என்பது கூற்று. 'எல்லாப் பேனாக்களும் புத்தகங்களாக இருக்க வாய்ப்புண்டு' என்ற முடிவு சரியா? இருப்பது இருக்கக்கூடியதுதானே! தவறு என்கின்றன பல பயிற்சி வகுப்புகள். உறுதியாகத் தெரிந்ததற்கு 'வாய்ப்பு' வராதாம். பேச்சில் அப்படித்தானே என்று வாதாடலாம். சரி, அப்படியானால் 'சில' என்ற சொல்லையும் பேச்சில் புரிந்துகொள்கிறபடி எடுக்க வேண்டியதுதானே? 'சில மாணவர்கள் வந்தார்கள்' என்றால் மற்றவர்கள் வரவில்லை என்றே நாம் எடுத்துக்கொள்வோம். தேர்விலோ 'சில' என்பது 'எல்லாம்' ஆகவும் இருக்கலாம். பேச்சில் உள்ள பொருள் வேண்டுமென்றால் 'ஒரு சில மட்டுமே' என்று தனி வாய்பாடு வைத்திருக்கிறார்கள். ஒரு சொல்லுக்குத் தருக்கப் பொருள், அடுத்த சொல்லுக்குப் பேச்சுப் பொருள். எதற்கு எது என்பதை யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. யாராவது சொல்லித்தர வேண்டும். கட்டணம் கட்டியவருக்குத் தெரியும், கிராமத்தில் தானாகப் படித்தவர் தவறான விடைக்குக் கழிக்கும் கால் மதிப்பெண்ணையும் சேர்த்து இழப்பார்.

'இரண்டில் ஒன்று' என்ற விடை இன்னும் வேடிக்கை. சில பேனாக்கள் நாற்காலிகள். எந்தப் பேனாவும் நாற்காலி அல்ல. இந்த இரண்டு முடிவுகளில் ஒன்று உண்மையாக இருந்தே தீரும். கேள்வியில் கொடுத்த கூற்றுகளை அழித்துவிட்டாலும் அப்படித்தான். அதைத்தான் கூற்றுகளிலிருந்து பெற்ற முடிவு என்று குறிக்கச் சொல்கிறார்கள்.

உண்மையான தருக்கப் பயிற்சி வேறு. மணிமேகலைக் காப்பியத்தின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் பக்கப்போலி (மேற்கோளின் பழுது), ஏதுப்போலி (காரணத்தின் பழுது), திட்டாந்தப்போலி (எடுத்துக்காட்டின் பழுது) என்று வாதம் பழுதாகும் இடங்களை வகைவகையாகக் காட்டுகிறார். கடன் விண்ணப்பத்தைப் படிக்கும் வங்கி அதிகாரிக்கு வேண்டிய கண் அதுதான். சிலாஜிசம் பகுதியில் பழுதான வாதத்தைக் கொடுத்து, எங்கே பழுது என்று கேட்பதே இல்லை. பல முதல்நிலைத் தேர்வுகளில் ரீசனிங் பகுதியின் 35 கேள்விக்கு 20 நிமிடம் என்று வைத்துக்கொண்டு கேட்கவும் முடியாது.