பாடு

2004 டிசம்பர் 26க்குப் பிறகு தமிழில் எழுதப்பட்ட சுனாமிக் கவிதைகளை ஒருசேரப் படித்துப் பார்க்கும் பொறுமை இன்று யாருக்கும் இருக்காது. நான் கைக்குக் கிடைத்தவற்றைப் படித்தேன். பெரும்பாலானவற்றில் கடல்தான் குற்றவாளி. தாயாக இருந்தவள் பேயாகிவிட்டாள் என்பதற்கு மேல் ஒரு அங்குலம் நகர்ந்தவை சொற்பம். அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்த நானும் அப்படி ஒன்று எழுதினேன். வயதைச் சமாதானமாகச் சொல்லலாம். ஆனால் பெரியவர்கள் எழுதியதும் அதே சரக்குதான்.

கடலைத் திட்டுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. கடல் தன்னை அன்பே உருவானது என்று ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. ஆகவே அதன் மீது வழக்கு நிற்காது. வழக்கு நிற்கக்கூடியது ஒருவர் மீதுதான்: எல்லாம் வல்லவர், எல்லாம் அறிந்தவர், அதற்கும் மேல் அன்பானவர் என்று நாம் சொல்லிவருகிறவர். அந்தப் பெயரை எழுதக் கை வராததால்தான் கடலின் பெயரை எழுதினோம் என்பது என் சந்தேகம்.

இதைச் சொன்னபோது நண்பர் ஒருவர், "இது கிறிஸ்தவர்களின் பிரச்னை ஐயா. நம்மிடம் கர்மா இருக்கிறது, கேள்வியே எழாது" என்றார். இலக்கியம் அவர் சொல்வதை ஒத்துக்கொள்ளவில்லை. புறநானூற்றின் 194ஆம் பாட்டில் பக்குடுக்கை நன்கணியார், ஒரு வீட்டில் சாவுப் பறையும் இன்னொரு வீட்டில் மணமுழவும் ஒரே வேளையில் கேட்கும்படி உலகத்தைச் செய்தவனைப் பண்பில்லாதவன் என்று வைகிறார். வள்ளுவர் 1062ஆம் குறளில், பிச்சையெடுத்துத்தான் ஒருவன் உயிர்வாழ வேண்டும் என்றால் உலகைப் படைத்தவன் அலைந்து கெடட்டும் என்று சபிக்கிறார். ஊழுக்குத் தனி அதிகாரமே எழுதியவர் அவர். அவருக்கும் ஓரிடத்தில் ஊழ் போதவில்லை. கேள்வி நம்முடையதுதான். அதைத் தொலைத்தது பிற்காலத்து நாம்.

*

பழவேற்காட்டுக்கு நான் போனது இலக்கிய காரியமாக அல்ல. சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உப்பங்கழி அது. பட்டினவர் குப்பங்களில் ஏரிக்குள் சுத்து வலை கட்ட ஒரு முறை வைத்திருக்கிறார்கள். நல்ல இடம், மோசமான இடம் என்று ஏரியில் உண்டு. யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு, முறைவைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் பாடு.

எனக்கு அந்தச் சொல்லைத் தாண்டிப் போக முடியவில்லை. பாடு என்றால் பங்கு, முறை. பாடு என்றால் உழைப்பு. பாடு என்றால் படுகிற துன்பம். அதே ஊரில் போர்த்துகீசியர் 1515இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் மகிமை மாதா கோயில் இருக்கிறது. தமிழ்க் கிறிஸ்தவர்கள் சிலுவையில் நடந்ததைச் சொல்லும் சொல்லும் பாடுகள்தான். நம்முடைய கேள்வி முழுவதையும் மொழி ஒரே சொல்லுக்குள் போட்டு மூடி வைத்திருக்கிறது: துன்பம் என்பது சீட்டில் விழும் இடமா, யாரோ அறிந்து கொடுத்த பங்கா, கடவுளே வந்து பட்டதா?

2011 டிசம்பர் 25 அன்று, கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஏரியைச் சுற்றிப் பார்க்க வந்தவர்களின் படகு அங்கே கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். பெண்கள், குழந்தைகள். இதில் கடவுளுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றினார்கள், உயிர்காப்பு உடை கிடையாது. மனிதனின் அசட்டை, மனிதனின் சுதந்திரம். மத பண்டிதர்களுக்குப் பிடித்தமான பதிலும் இதுதான்: சுதந்திரம் கொடுத்துவிட்டு அதன் விளைவைத் தடுத்துக்கொண்டே இருந்தால் அது சுதந்திரம் ஆகாது. பெரியவர்கள் வரையில் நான் இதை ஒத்துக்கொள்கிறேன். மடியில் உட்கார்ந்து போன குழந்தை எந்தச் சுதந்திரத்தைப் பயன்படுத்தியது? அதன் சாவு இன்னொருவருடைய சுதந்திரத்துக்குக் கட்டிய விலை. விலை கட்டும் ஆளை யார் தேர்ந்தெடுத்தது?

இதே ஊரில் இன்னொரு பழைய கணக்கும் இருக்கிறது. டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். மண்டையோடு செதுக்கிய அவர்களுடைய கல்லறைகளை இன்றும் பார்க்கலாம். அந்த நூற்றாண்டில், பஞ்சத்தில் தம்மையும் பிள்ளைகளையும் விற்றுக்கொண்ட ஜனங்களை இந்தக் கரையின் துறைமுகங்களிலிருந்து அடிமைகளாகப் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றியவர்களும் அவர்கள்தான். வேதத்தை வீட்டில் வைத்து வாசித்தவர்கள். அவர்கள் கல்லறைக்குப் பெயர் இருக்கிறது. கப்பலில் போனவர்களுக்குப் பெயர் இல்லை.

*

நான் வங்கியில் வேலை பார்ப்பவன். கணக்கு நேராகாத தொகையை சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு வைப்பது எங்களுக்குப் பழக்கம். அன்றைய புத்தகம் நேராகிவிடும். தொகை எங்கேயோ நிற்கும். கர்மாவும் சொர்க்கமும் இந்தக் காரியத்தைத்தான் செய்கின்றன. ஒன்று போன வருஷத்துப் புத்தகத்தைக் காட்டுகிறது, இன்னொன்று வரும் வருஷத்துப் புத்தகத்தை. இரண்டையும் எடுத்துப் பார்க்க முடியாது.

மாபெரும் இலக்கியங்கள்கூட இந்த ஆசைக்குத் தப்பவில்லை. யோபுவின் பிள்ளைகள் சாகிறார்கள். முடிவில் அவனுக்கு அதே எண்ணிக்கையில் வேறு பிள்ளைகள். பெரியபுராணத்தில் சிறுத்தொண்டர் தம் பிள்ளையை அறுத்துச் சமைக்கிறார். கூப்பிட்டதும் சீராளன் ஓடி வருகிறான். இரண்டிலும் துன்பம் நிஜமாக எழுதப்பட்டிருக்கிறது, அதனால்தான் அவை காவியங்கள். முடிவில் மட்டும் கணக்கு நேராக்கப்படுகிறது. முதல் பத்துப் பிள்ளைகளை யோபு மறந்தானா என்று அந்த நூல் கேட்கவில்லை. பழவேற்காட்டில் கூப்பிட்டு யாரும் ஓடி வரவில்லை.

தாஸ்தாயெவ்ஸ்கி ஒருவர்தான் நேராக்க மறுத்தார். ஒரு குழந்தையின் கண்ணீர்மேல் கட்டிய சொர்க்கத்துக்கு எனக்கு டிக்கெட் வேண்டாம் என்று இவான் சொல்லும்போது, ஆசிரியர் பக்தராக இருந்தும் அவனை வாதத்தில் தோற்கடிக்கவில்லை. அல்யோஷா அவனை முத்தமிடுகிறான், அவ்வளவுதான். அது பதில் அல்ல என்பது ஆசிரியருக்குத் தெரியும்.

தமிழில் புதுமைப்பித்தன் கடவுளைச் சென்னைக்கு அழைத்து வந்து கந்தசாமிப் பிள்ளையோடு காப்பி குடிக்க வைத்தார். மகத்தான கதை. ஆனால் என் குறை இது: அந்தக் கதையில் குழந்தை சாகவில்லை. கடவுளோடு விளையாடுகிறது. குழந்தை செத்திருந்தால் அந்தச் சிரிப்பு நின்றிருக்குமா? "மகாமசானம்" எழுதியவருக்கு இந்தக் கேள்வி தெரியாமலிருந்திருக்காது. நடைபாதையில் ஒருவன் சாவதை ஒரு குழந்தை பார்த்துக்கொண்டு நிற்கிறது. விளக்கமில்லை. சுனாமிக் கவிஞர்கள் போயிருக்க வேண்டிய பள்ளிக்கூடம் அது.

*

வேளாங்கண்ணியில் அன்று கரையில் நின்ற யாத்திரிகர்கள் பலர் செத்தார்கள். கோயிலுக்குள் இருந்தவர்கள் பிழைத்தார்கள். அற்புதம் என்றார்கள். பிழைத்தவரின் நன்றியை நான் பரிகசிக்க மாட்டேன். ஆனால் அந்த அற்புதம் வாசற்படிக்கு வெளியே ஏன் வரவில்லை என்று கேட்காத நன்றி, செத்தவர்களுக்கு இழைக்கும் இரண்டாவது அநீதி.

கடவுள் தாமே பாடுபட்டார் என்பது கிறிஸ்தவம் சொல்லும் ஆழமான பதில். அது துணை, விளக்கம் அல்ல. துணையை விளக்கமாக மாற்றும்போதுதான் பிரசங்கம் பொய்யாகிறது, கவிதையும் பொய்யாகிறது.

பழவேற்காட்டுக்காரர்கள் விளக்கம் தேடவில்லை. ஏரி எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுக்காது என்று தெரிந்து, மோசமான இடம் எப்போதும் ஒருவன் தலையிலேயே விழாமலிருக்க முறை வைத்தார்கள். படைத்தவன் செய்யாமல் விட்டதைக் கொஞ்சம் செய்து பார்த்தார்கள். அதுவும் முழுசாக இல்லை. பாட்டு உரிமை பிறப்பால் வருவது. அது இல்லாத குப்பங்கள் உண்டு. தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்கள் உண்டு. சீட்டே போடாதவர்களின் துன்பத்துக்கு நாம் கடவுளை மட்டும் கூண்டில் ஏற்ற முடியாது.

இதனால் கடவுள்மீதுள்ள வழக்கு தள்ளுபடியாகிவிடவில்லை. முறையே வராமல் போன குழந்தை அப்படியே இருக்கிறது. அன்பான ஒரு கடவுளை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க என்னால் முடியவில்லை. இல்லை என்று சொல்லிவிட்டு நிம்மதியாகவும் இருக்க முடியவில்லை. இனி யாராவது அந்தக் கரையைப் பற்றி எழுதுவதானால், இந்த வித்தியாசத் தொகையை எந்தக் கணக்குக்கும் மாற்றாமல், புத்தகத்தில் அப்படியே விட்டு எழுத வேண்டும். கடலைத் திட்டி ஒரு வரிகூட வேண்டாம்.