ஜவ்வாது மலைக்கு எந்த மோட்டிஃப்?

பண்பாடு சார்ந்த ஆடை வடிவமைப்புக் கல்வி பற்றிக் கொஞ்ச நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். நான் பார்த்த பாடத்திட்டங்களில் முறை பெரும்பாலும் ஒன்றுதான். மாணவி தன் ஊரின் மரபு வடிவம் ஒன்றைக் கண்டுபிடிக்கணும், அதைத் துப்பட்டாவிலோ பையிலோ ஏற்றணும், கடைசியில் ஸ்டால் போட்டு விற்கணும். பண்பாடும் ஆச்சு, தொழில்முனைவும் ஆச்சு.

இதை அப்படியே ஜமுனாமரத்தூர் பக்கம் கொண்டுபோனால் முதல் படியிலேயே சிக்கும். ஜவ்வாது மலையில் பெரும்பான்மையாக இருப்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். (பெயரைப் பார்த்துக் கேரளம் என்று நினைக்க வேண்டாம். பேசுவது தமிழ், முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்வார்கள்.) தோடர்களுக்கும் லம்பாடிகளுக்கும் இருப்பது போலப் பேர்பெற்ற பூத்தையல் இவர்களுக்கு இல்லை. சாமை இருக்கு, தேன் இருக்கு, புளி இருக்கு. ஆசிரியர் ‘டிரைபல் டிசைன்’ கேட்டால் அந்தப் பெண் எதைக் கொடுப்பாள்? கூகுளில் வரும் வார்லி மனிதர்களைத்தான். வார்லி மகாராஷ்டிரத்தின் ஓவியம்!

மோட்டிஃப் இருக்கிற இடத்திலும் இந்த முறை சரியாக வருவதில்லை. நீலகிரித் தோடர் எம்ப்ராய்டரியையே எடுத்துக்கொள்ளுங்கள். முரட்டு வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூல். முன்கூட்டி வரைந்துகொள்வது கிடையாது. துணியின் இழைகளை எண்ணி எண்ணித்தான் ஊசி போகும். அந்தப் புத்துக்குளியைப் போர்த்திக்கொள்வார்கள், இறந்தவரையும் அதில்தான் சுற்றுவார்கள். 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் குறியீடு காப்பது பெயரைத்தான். அதே கோலத்தை மில் துணியில் அச்சடித்து வேறு பெயரில் விற்பவரை அது தடுக்காது. மாணவர்களுக்கு முதலில் சொல்லவேண்டிய சட்டப்பாடம் இதுதான் என்பேன்.

எனக்குப் பிடித்த உதாரணம் தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையடிவாரத்தில், சிட்டிலிங்கியில் இருக்கிறது. அங்கே பழங்குடி நலத்துக்காக மருத்துவமனை நடத்திவரும் டாக்டர் லலிதா ரெஜியின் முயற்சியில், லம்பாடிப் பெண்கள் ஏறக்குறைய மறந்துபோன தங்கள் தையலை மீட்டார்கள். அமைப்பின் பெயர் ‘போர்கை’. அவர்கள் மொழியில் பெருமை என்று பொருள். வயதான பெண்களின் விரல்களில் மிச்சமிருந்ததை இளையவர்கள் கற்றுக்கொண்டார்கள். அதே பள்ளத்தாக்கில் மலையாளிகளும் வாழ்கிறார்கள். அவர்கள் தலையில் யாரும் ஒரு எம்ப்ராய்டரியைக் கட்டவில்லை. இயற்கை விவசாயம் அவர்களுக்கு வழியானது. இந்த நிதானம்தான் நம் பாடத்திட்டங்களில் காணோம்.

‘பண்பாடு சார்ந்த தொழிற்கல்வி’ என்ற சொல்லைத் தமிழ்நாட்டில் யாரும் வெள்ளந்தியாக உச்சரிக்க முடியாது. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் பிள்ளைகளுக்கு அரை நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில். குலக்கல்வி என்று எதிர்த்தார்கள், 1954இல் காமராஜர் ஆட்சி அதைக் கைவிட்டது. மலைப் பிள்ளைக்கு மட்டும் ‘உன் மரபிலிருந்தே தொழில் செய்’ என்று சொல்லி, நகரத்துப் பிள்ளைக்கு கோடிங் கற்றுத் தருவது எந்தக் கணக்கில் வரும்? ஃபேஷன் டிசைன் படிக்கிற மலைப் பெண்ணுக்கு ஜீன்ஸ் வரையவும் உரிமை உண்டு, இல்லையா?

இதைப் பொழுதுபோக்கு விவகாரமாக விட முடியாததற்குக் காரணம் இருக்கு. 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி ஆந்திரப் போலீஸ் சுட்டதில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் 20 பேர் இறந்தார்கள். அவர்களில் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். மலையில் கூலி போதாமல் கீழே இறங்கியவர்கள். தொழிற்கல்வி என்று ஒன்று அங்கே போனால் அது வருமானக் கணக்கில் நிற்கணும்.

அந்தக் கணக்கைத்தான் கடைசி நாள் ஸ்டாலில் யாரும் போடுவதில்லை. ஒரு பைக்கு இரண்டு நாள் கைவேலை என்றால் விலையில் இரண்டு நாள் கூலி இருக்கணும்; துணி, நூல், போளூர் வரை பஸ் செலவு, விற்காமல் திரும்பும் சரக்கின் நஷ்டம் எல்லாம் அதற்கு மேல். டீச்சர்களும் பெற்றோரும் பரிதாபப்பட்டு வாங்குவதை விற்பனை என்று எழுதிக்கொள்ளக் கூடாது. பட்டுத் தறிக்குப் பேர்போன ஆரணி இதே திருவண்ணாமலை மாவட்டத்தில்தான் இருக்கு. மோட்டிஃப் தேடுகிற நாட்களில் இரண்டை மிச்சம்பிடித்து மாணவர்களை அங்கே கூட்டிப்போகலாம். ஒரு புடவையின் கடை விலையில் நெசவாளர் கைக்கு எவ்வளவு வருது என்று அவர்களே கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டு வரட்டும்.