காயமே இல்லாத காயம்

வேப்பம்பட்டு ஸ்டேஷன் பக்கம் டீக்கடையில் ஒரு பேச்சு காதில் விழுந்தது. "அறைஞ்சான், சரி. காயமே இல்லையே, கேஸ் எப்படி நிக்கும்?" சொன்னவர் மேல் தப்பில்லை. தப்பு மொழிபெயர்ப்பில்.

1860-ம் வருஷத்து இந்திய தண்டனைச் சட்டத்தின் 319-ம் பிரிவில் 'ஹர்ட்' என்றால் ஒருவருக்கு உடல் வலி, நோய், இயலாமை இதில் ஏதாவது ஒன்றை உண்டாக்குவது. ரத்தம் வரணும், வீங்கணும் என்று அதில் எங்கேயும் இல்லை. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 114-ம் பிரிவும் அதையேதான் சொல்கிறது. நம்ம சட்டத் தமிழ் இதற்கு வைத்திருக்கும் சொல் 'காயம்'. காயம் என்றால் கண்ணுக்குத் தெரியணும் என்பதுதானே நம் புழக்கம்?

'இன்ஜுரி' இன்னும் குழப்பம். பேச்சில் அதுவும் காயம்தான். பழைய சட்டத்தின் 44-ம் பிரிவிலோ, உடம்பு, மனசு, பேர், சொத்து எதற்குச் சட்டவிரோதமாகக் கெடுதல் செய்தாலும் இன்ஜுரி. ரெண்டு வேரியபிளுக்கு ஒரே பெயர் வைத்தால் புரோகிராம் சொதப்பாமல் என்ன செய்யும்?

என் யோசனை: இன்ஜுரிக்குக் 'கேடு', ஹர்ட்டுக்கு 'நோவு'. வலி, நோய் இரண்டுமே 'நோ' என்ற வேரில் அடங்கிவிடும். இயலாமை மட்டும் கொஞ்சம் வெளியே நிற்கும். ஆனாலும் காயத்தைவிடப் பொருத்தம்.

அதுவரை யாராவது "காயம் இல்லையே" என்றால், "வலிச்சுதா?" என்று கேளுங்கள். சட்டம் முதலில் கேட்பதும் அதைத்தான்.