தேசிங்கின் இடது கை

செஞ்சியை வைத்துச் சரித்திரக் கதை எழுத உட்காருகிற ஆசிரியர்களுக்கு மலைகள் மூன்றும் நன்றாகத் தெரிந்திருக்கின்றன. கல்யாண மஹாலையும் களஞ்சியத்தையும் பக்கம் பக்கமாக வர்ணிக்கிறார்கள். கதாநாயகனுக்கு இரண்டே கைகள்தான் என்பது மட்டும் அவர்கள் ஞாபகத்தில் நிற்பதில்லை. குதிரை பாய்கிறது; வலது கையில் வாள் சுழல்கிறது; அடுத்த வரியில் இடுப்பிலிருந்து கைத்துப்பாக்கி வெளியே வருகிறது. ஒருவன் சாய்கிறான், இன்னொருவன் சாய்கிறான், மூன்றாமவனும் சாய்கிறான். கடிவாளம் யாரிடம் இருக்கிறது? மருந்து எப்போது கெட்டித்தார்கள்?

தேசிங்கு இறந்தது 1714இல். கோல்ட் என்கிற அமெரிக்கர் தம் சுழல் துப்பாக்கிக்கு அந்த நாட்டில் காப்புரிமை வாங்கியது 1836இல். அதற்கு முன் கைத்துப்பாக்கி இல்லையென்று நான் சொல்லவில்லை. இருந்தது, ஒரு தரம் சுடும், அவ்வளவுதான். அப்புறம் குழல் வாயில் மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியால் இடித்து, பக்கத்திலுள்ள கிண்ணியில் பொடி மருந்து வைக்கவேண்டும். இதற்கு இரண்டு கையும் வேண்டும். நீளத் துப்பாக்கியில் அந்தக் கிண்ணி வலப்பக்கம் இருக்கும். நொட்டாங்கைக்காரன் அதை இடது தோளில் வைத்துச் சுட்டால் நெருப்பு அவன் முகத்துக்கு நேரே பொறியும். ஆயுதம் செய்தவன் யாரை மனத்தில் வைத்துச் செய்தான் என்பது இதிலேயே தெரிகிறது.

ரிவால்வர் வந்த பிறகும் இந்தக் கைச் சண்டை தீரவில்லை. 1873இல் வந்த கோல்ட் ரிவால்வரில் தோட்டா போடும் சின்னக் கதவு வலப்பக்கம் இருக்கிறது. வலது கையால் சுடுகிறவன் துப்பாக்கியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் ஒவ்வொன்றாகத் தோட்டா போடவேண்டும். இடது கையால் சுடுகிறவனுக்கு மாற்றுகிற வேலையே இல்லை. இதைப் பார்த்துவிட்டு, 'கோல்ட் இடது கைக்காரர்' என்று ஒரு கதை கட்டிவிட்டார்கள். அவர் 1862இலேயே காலமாகிவிட்டார்! நுணுக்கமான வேலை பழகிய கைக்கு, சும்மா பிடித்துக்கொள்ளும் வேலை மற்றக் கைக்கு என்று வைத்ததாகவே எனக்குத் தோன்றுகிறது. நம் துப்பறியும் கதைகளில் இந்தக் கைமாற்றத்தை நான் பார்த்ததே இல்லை. தோட்டா தீர்ந்து, ஆயுதம் தவறான கையில் இருக்கும் அந்த அரை நிமிஷத்தில் எவ்வளவு கதை இருக்கிறது! அதை விட்டுவிட்டு அத்தியாயக் கடைசியில் மின்னலையும் இடியையும் வரவழைக்கிறார்கள்.

தெருப்பாடகன் இவர்களைவிடக் கெட்டிக்காரன். தேசிங்குராஜன் கதையைப் பாடியவன் கடிவாளத்தை மறக்கவில்லை. பாதிக் கதை பாராசாரிக் குதிரையை அடக்குவதில்தானே போகிறது? ஆனால் கடைசிக் கட்டத்தில் அவன் செய்கிற காரியம் விசேஷமானது. துப்பாக்கிக் குண்டு பட்டுத் தேசிங்கு விழுந்தான் என்று சரித்திரக்காரர்கள் எழுதுகிறார்கள். பாடகன் அதற்குச் சம்மதிக்கவில்லை. வாளை வானத்தில் எறிந்து, விழும்போது மார்பில் ஏந்திக்கொள்ள வைக்கிறான். தூரத்தில் நின்ற எவனோ ஒருவன் சுட்டுத் தன் ராஜா சாவதை அவனால் பொறுக்கமுடியவில்லை. பொய்தான், ஆனாலும் துப்பாக்கி என்ன செய்துவிட்டது என்று உணர்ந்தவன் சொன்ன பொய். நம் நாவலாசிரியர்களோ ஒன்றையும் உணராமல் அந்தத் துப்பாக்கியையே கதாநாயகன் இடுப்பில் செருகி அழகு பார்க்கிறார்கள்.

2025இல் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. இனிக் கதைகள் இன்னும் வரும். எழுதுகிறவர்கள் ராஜகிரி உச்சியைச் சற்று விட்டுவிட்டு, நவாபு படையில் இருந்த அந்தத் துப்பாக்கிக்காரனைத் தேடிப் பார்க்கலாம். குழலில் இருப்பது ஒரே குண்டு. தவறினால் மறுபடி கெட்டிப்பதற்குள் குதிரை மேலே வந்துவிடும். அவன் எந்தக் கையால் திரியைத் தட்டி நெருப்பை ஊதினான், அப்போது அந்தக் கை நடுங்கியதா என்று எழுதட்டும். நான் காசு கொடுத்து வாங்கிப் படிக்கிறேன்.