வெட்டி எறிந்ததைப் பாருங்கள்

அச்சடித்த பொங்கல் வாழ்த்து அட்டைகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, நிழலுரு ஒட்டிய கைவினை அட்டை முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். பொங்கல் அட்டையில் பானை, கரும்பு, சூரியன், மாடு, மஞ்சள் கொத்து என்று ஒன்று பாக்கி இருக்காது. இங்கேயோ வெள்ளை அட்டையின் நடுவில் பக்கவாட்டில் திரும்பிய ஒரு கறுப்பு முகம். கண் கிடையாது, காது கிடையாது. கீழ் மூலையில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு இரண்டு காகிதப் பூக்கள். இதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். இதில் என்னவெல்லாம் இல்லை என்று கேட்டுப் பார்த்தால் அட்டை பேச ஆரம்பிக்கும். சில்லவுட் என்று நாம் சொல்லும் இந்த நிழலுருக் கலை முழுக்க முழுக்க நீக்குவதில் இருக்கிறது. நல்ல அட்டையையும் சுமாரான அட்டையையும் பிரித்தறிய, எதை வெட்டி எறிந்தார்கள், எங்கே கை வைக்காமல் விட்டார்கள் என்று பார்த்தாலே போதும் என்பது என் கட்சி.

இதற்குச் சரியான சாட்சி அமெரிக்காவில், பிலடெல்ஃபியாவில் கிடைக்கிறது. அங்கே சார்ல்ஸ் வில்சன் பீல் என்ற ஓவியர் நடத்திய அருங்காட்சியகத்தில், 1800-களின் தொடக்கத்தில், மோசஸ் வில்லியம்ஸ் என்பவர் வருகிறவர்களின் முகத்தை வெட்டிக் கொடுத்துவந்தார். பீல் வீட்டில் அடிமையாக வளர்ந்து, பிறகு விடுதலை பெற்றவர். கட்டணம் 8 சென்ட். ஒரு கருவி முகத்தின் ஓரத்தைத் தடவிக்கொண்டே போய், மடித்த வெள்ளைத் தாளில் சிறிய அளவில் கோடாகப் பதிக்கும். அந்தக் கோட்டை ஒட்டி வில்லியம்ஸ் கத்தரிப்பார். வெட்டி முடித்தால் முக வடிவில் ஒரு துண்டும் முக வடிவில் ஓர் ஓட்டையும் மிஞ்சும். வந்தவர் கொண்டுபோனது ஓட்டையை! அதன் பின்னால் ஒரு கறுப்புத் தாளை வைத்ததும் முகம் எழுந்து நிற்கும். நடுத்துண்டுகளுக்கு அங்கே 'மரமண்டைகள்' என்று கேலிப்பெயர். அவை பீப்பாயில் சேர்ந்துகொண்டிருந்தன. ஆளின் சாயல் தாளில் இல்லை, தாள் முடிகிற கோட்டில் இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆகவே கண்ணை நடுக் கறுப்பில் வைக்காமல் விளிம்பில் வையுங்கள். நெற்றியில் தொடங்கி மெதுவாக இறங்குங்கள். நெற்றி மூக்கில் சேரும் பள்ளம், மூக்கு நுனி, மேலுதடு, கீழுதட்டுக்கு அடியில் உள்ள சிறு குழி, தாடை: ஒரு முகத்தின் அடையாளம் இந்த ஐந்தாறு திருப்பங்களில் முடிந்துவிடும். கட்டைவிரல் அளவு முகத்தில் உதட்டடிக் குழி அரை மில்லிமீட்டர் ஆழமானால் ஆள் சிடுசிடுப்பாகிவிடுவார். ஆழம் குறைந்தால் பல் இல்லாதவர் போலத் தெரிவார். முகங்கள் பெரும்பாலும் பக்கவாட்டில் இருப்பதற்கும் இதுவே காரணம். நேராக நிற்பவரின் நிழல் வெறும் முட்டை. யானையையும் மாட்டு வண்டியையும் முன்னாலிருந்து வெட்டினால் யாருக்கும் புரியாது. கத்தரியை எடுக்குமுன்பே கோணத்தைத் தேர்ந்துகொள்வதில் பாதித் திறமை வெளிப்பட்டுவிடுகிறது.

அடுத்து, அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் சற்றுச் சாய்த்துப் பிடியுங்கள். தேர்ந்த கை, கத்தரியைத் திருப்பாது. கத்தரி ஒரே இடத்தில் நிற்க, இடது கை தாளைத் திருப்பிக் கொடுக்கும். அப்படி வெட்டிய வளைவு நீர் ஓடியதுபோல் இருக்கும். கத்தரியைத் துரத்திக்கொண்டு போன கையென்றால் வளைவு முழுக்கச் சின்னச் சின்ன முனைகள் தெரியும். கட்டர் கத்தியால் வெட்டியதில் உள்மூலைகளைக் கவனியுங்கள்: இரண்டு வெட்டும் சந்திக்கும் இடத்தைத் தாண்டி மயிரிழைக் கீறல் நீண்டிருந்தால் அவசரம். லேசர் வெட்டு பெரும்பாலும் வெளிர் தாளின் ஓரத்தில் லேசாகக் கருகிய நிறத்தை விட்டுவைக்கும். டை என்ற வெட்டச்சை வைத்து அழுத்தியதில் ஒரு பக்க ஓரம் மழுங்கியிருக்கும்.

இப்போது குட்டி அலங்காரங்களுக்கு வருவோம். நீக்குவதுதான் கலை என்றால் பூவும் வண்ணத்துப்பூச்சியும் எதற்கு என்று ஒருவர் மடக்கலாம். 1820-களில் இங்கிலாந்தில் புகழ்பெற்ற பிரெஞ்சுக்காரர் ஓகுஸ்ட் எதுவார் அந்தக் கட்சிதான். உருவத்தின் மேல் பொன்வண்ணத்தில் தலைமுடியும் சரிகையும் தீட்டும் வழக்கம் அவருக்கு ஆகவே ஆகாது. உருவம் சுத்தக் கறுப்பாக இருக்கவேண்டும் என்று எழுதியும் வைத்தார். ஆனால் அவரே தம் உருவங்களில் பலவற்றை, அறையோ தோட்டமோ அச்சிட்ட பின்னணியின் மேல்தான் ஒட்டினார். விளிம்பைத் தொடாத அலங்காரத்தை அந்தப் பிடிவாதக்காரரும் அனுமதித்திருக்கிறார். நம் தோல்பாவைக்கூத்து இன்னொரு வழி காட்டுகிறது. பாவையின் நகையும் ஆடைக்கரையும் தோலில் குத்திய பொடித் துளைகள்; அலங்காரமே அங்கே ஒரு நீக்கம். மேரி டெலானி என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1772-இல், தம் 72-ஆம் வயதில், வண்ணத்தாளைப் பொடியாக வெட்டிப் பூக்கள் செய்யத் தொடங்கி, பத்தாண்டுகளில் ஆயிரத்தை நெருங்கினார். பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள அந்தப் பூக்கள் ஒவ்வொன்றையும் கன்னங்கரிய பின்னணியில் தனியாக நிறுத்தியிருக்கிறார். சுற்றிலும் வெறுமை இருப்பதால்தான் ஊசிமுனைச் சூலகமுடிகூடக் கண்ணில் படுகிறது.

அட்டையிலும் இதே கணக்குதான். அலங்காரத்துக்கு அங்கே இரண்டு வேலைகள். ஒன்று அளவு சொல்வது: கிளையில் அரிசி அளவுக் காகிதக் குருவி உட்கார்ந்த நொடியில் மரம் ஆலமரமாகிவிடும்; அதே கிளையில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குப் பூ வைத்தால் மரம் செடியாகிவிடும். இரண்டாவது நிழல்: அடியில் ஃபோம் டேப் வைத்துச் சற்றுத் தூக்கி ஒட்டிய இதழ், அட்டைமேல் தன் நிழலையும் போடும். தட்டையான கறுப்புக்குப் பக்கத்தில் அசையும் அந்தச் சாம்பல் நிழல்தான் அட்டைக்கு உயிர். காகிதப் பட்டையைச் சுருட்டிச் செய்யும் குவில்லிங் சுருளில், நடுச்சுற்று இறுகி வெளிச்சுற்று தளர்ந்திருக்கிறதா, பசை பிதுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மற்றபடி, மூக்கு நுனிக்குப் பக்கத்தில் முத்து ஸ்டிக்கர் ஒட்டிய அட்டை தோற்றுவிட்டது. மினுக்குத் தூள் தூவியதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

லேசர் இயந்திரம் ஒரு நிமிடத்தில் இதைவிடச் சுத்தமாக வெட்டுமே என்பது பலமான ஆட்சேபம். உண்மை, சுத்தத்தில் அதோடு போட்டி போட முடியாது. ஆனால் பீலின் காலத்திலேயே கோட்டைக் கருவிதான் இழுத்தது. அந்தக் கோட்டில் எங்கே கொஞ்சம் விலகினால் ஆள் ஆளாகத் தெரிவார் என்பதை முடிவுசெய்தது கத்தரி பிடித்த கை. இயந்திரத்துக்குக் கொடுக்கும் படத்தையும் யாரோ வரையத்தான் வேண்டும். அந்த வரைவில் தீர்மானம் இருந்தால் லேசர் அட்டையும் ரசிக்கத் தக்கதே. கையால் செய்தது என்பதற்காக மோசமான விளிம்பை மன்னிக்கவேண்டிய அவசியமும் இல்லை. மலிவான பொழுதுபோக்கு என்ற ஏளனமோ இந்தக் கலையின் பெயரிலேயே இருக்கிறது. எட்டியென் த சிலுவெட் 1759-இல் சில மாதங்கள் பிரான்சின் நிதியமைச்சராக இருந்து, சிக்கன நடவடிக்கைகளால் கெட்ட பெயர் வாங்கியவர். மட்டமான, மலிவான எதையும் அவர் பெயரைச் சொல்லிக் கிண்டலடித்தார்கள்; அந்தப் பெயர்தான் சில்லவுட் என்று இந்தக் கலைக்கு ஒட்டிக்கொண்டது. கனமான விஷயம் எதையும் கறுப்புத்தாளால் சொல்லமுடியாது என்று நினைப்பவர்கள் காரா வாக்கரின் படைப்புகளைப் பார்க்கலாம். 1990-களிலிருந்து சுவர் முழுக்கக் கறுப்புக் காகித உருவங்களை ஒட்டி, அமெரிக்க அடிமை முறையின் கொடூரத்தைக் காட்டிவருபவர் அவர்.

உங்களுக்கு அப்படியோர் அட்டை வந்தால், வாழ்த்து வாசகத்தைப் படிக்குமுன் நெற்றியிலிருந்து தாடைவரை ஒருமுறை கண்ணால் இறங்கிப் பாருங்கள். பிறகு வெயில் படாத இடத்தில் வையுங்கள். சாதாரணக் கறுப்புச் சார்ட் பேப்பர் வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும்.