கண்டக்டர் பையில் பிறந்த கத்தி உறை

பக்ரீத் நெருங்கினால் பெங்களூர் நீலசந்திராவில் சாணை பிடிக்கும் சத்தம் காலையிலேயே தொடங்கிவிடும். வீடு வீடாகப் போய் ஆடு உரித்துக் கொடுக்கிறவர்கள் கத்தியைக் கோணித்துணியில் சுற்றி ஸ்கூட்டர் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு போவார்கள். அப்படிப்பட்ட ஒருவர், தெருமுனையில் செருப்புத் தைக்கும் பெரியவரிடம் தன் சூரிக்கத்தியை நீட்டினார்.

"இதுக்கு ஒரு வீடு கட்டிக் கொடுங்க தாத்தா."

"புதுத் தோல்னா காசு ஆகும் பாய். இருக்கிறதுல பண்ணித் தரட்டுமா?"

'இருக்கிறது' என்பது அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு சாக்கு நிறையக் கிடந்த துண்டுத் தோல். செருப்புக்கு வார் மாற்ற வந்த நான், வார் மாற்றிய பிறகும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

சாக்கிலிருந்து முதலில் வந்தவை பளபளவென்ற ஷூ மேல்தோல் துண்டுகள். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வெட்டி மிஞ்சியவை. பெரியவர் ஒவ்வொன்றின் ஓரத்தையும் சீவி, வெட்டுவாயைப் பார்த்தார். நடுவில் நீலச் சாம்பல் நிறம் தெரிந்தால் தூர வைத்தார். அது குரோம் பதனிட்ட தோலின் அடையாளம். சென்னையில் குரோம் பதனிடுதலுக்கு வழி திறந்தவர் ஆல்ஃபிரட் சாட்டர்டன். அவரே 1912இல் மைசூர் அரசின் தொழில்துறை இயக்குநராக இங்கே வந்தார். குரோம் தோல் மெத்தென்று இருக்கும், தண்ணீருக்கும் அஞ்சாது. ஆனால் எப்படி அழுத்தினாலும் பழைய நிலைக்கே திரும்பிவிடும். உறைக்கு வேண்டியது சொன்னபடி நிற்கிற தோல். ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் ஊறின பழைய வழித் தோலுக்குத்தான் அந்தக் குணம் உண்டு. நனைத்தால் இளகும். இளகின நிலையில் எந்த வடிவம் கொடுக்கிறோமோ, காய்ந்த பிறகு அதை விடாது.

கடைசியில் அவர் கையில் வந்தது ஒரு பழைய பஸ் கண்டக்டர் பையின் மூடி. எத்தனையோ வருஷம் ஒருவர் தோளில் தொங்கி, சில்லறையும் வியர்வையும் பட்டுப் பட்டு, புளிப்பழ நிறத்துக்கு வந்திருந்தது. ஓரத்தைச் சீவினார்: உள்ளே வரைக்கும் ஒரே பழுப்பு. தண்ணீர் ஒரு சொட்டு வைத்தார். தோல் அதை உடனே குடித்துக் கறுத்தது. "இதான்" என்றார்.

அளவு எடுக்க ஒரு கல்யாணப் பத்திரிகை. அட்டையை மடித்து, மடிப்போடு கத்தியின் முதுகைச் சேர்த்து வைத்துப் பென்சிலால் கோடு இழுத்தார். முதுகுப் பக்கம் தோல் மடிந்து வரும். கூர்ப் பக்கம் மட்டும் தையல். கத்தியின் கனத்துக்கும் தையலுக்கும் சேர்த்து அரை அங்குலம் கூடுதலாக விட்டு வெட்டினார்.

அடுத்து அவர் செய்த ஒரு காரியத்தை இந்த வேலையின் உயிர் என்றே சொல்வேன். ஓட்டை கிழிந்து வீசப்பட்ட ஒரு பெல்ட்டிலிருந்து சுண்டுவிரல் அகலத்துக்கு நீளமாக ஒரு பட்டை அறுத்தார். அதை உறையின் இரு மடிப்புக்கும் நடுவே, கூர்ப் பக்கம் நெடுக, சொல்யூஷன் தடவி ஒட்டினார். உறை முடிந்த பிறகு வெளியே பார்க்கிறவருக்கு அது ஓரத்தில் மெல்லிய கோடாகத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் கத்தி உள்ளே போகும்போதெல்லாம் கூர் உட்காருவது அதன் மேல்தான். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் கத்தி தையல் நூலையே அறுக்கும். சில மாதத்தில் உறை வாய் பிளந்துவிடும். நூலுக்கு விழ வேண்டிய வெட்டை, குப்பைக்குப் போன பெல்ட் வாங்கிக்கொள்கிறது.

துளைக்கு இடம் குறிக்க அவர் எடுத்தது சாப்பாட்டு முள்கரண்டி! அதன் பற்களை ஓரத்தில் அழுத்த, பொட்டுப் பொட்டாக ஒரே இடைவெளி விழுந்தது. ஒவ்வொரு பொட்டிலும் குத்தூசி இறங்கியது. நூலைத் தையலின் நீளத்துக்கு நாலு மடங்கு எடுத்து, தேன்மெழுகுக் கட்டியில் மூன்று முறை இழுத்தார். இரு நுனியிலும் ஊசி கோத்தார். இடக்கை ஊசி முதலில் போகும், அதே துளையில் வலக்கை ஊசி எதிரே வரும். இந்த முறை ஒரு தடவைகூட மாறவில்லை. அதனால்தான் தையல் எல்லாம் ஒரே சாய்வில், மழைக்கோடு போல விழுந்தது. மிஷின் தையலில் மேல் நூலும் கீழ் நூலும் கொக்கி போட்டுக்கொண்டு நிற்கும். ஒன்று தேய்ந்தால் வரிசையே உருவிக்கொண்டு போகும். இதில் ஓரிடத்தில் ஒரு நூல் அறுந்தாலும் இன்னொன்று குறுக்கே நின்று பிடித்துக்கொள்ளும்.

தைத்து முடித்ததும் உறையை வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கி எடுத்தார். கத்திக்கு எண்ணெய் பூசி, பால் கவரில் இறுகச் சுற்றி, உள்ளே செருகினார். பிறகு ஒரு வழவழப்பான கொம்புத் துண்டால் கத்தியின் விளிம்பை ஒட்டி அழுத்தி அழுத்தித் தேய்த்தார். கத்தியின் உருவம் தோலின் மேல் மெல்ல எழும்பி வந்தது. கைப்பிடி தொடங்கும் இடத்தில் இன்னும் இரண்டு அழுத்தம். வெயிலில் வைக்கவில்லை, வைத்தால் தோல் விறைத்து வெடிக்கும். நிழலில் ஒரு நாள்.

கத்தி உறை என்றால் குடகர்களைச் சொல்லாமல் முடியாது. அவர்கள் தங்கள் அகன்ற ஒடிக்கத்தியை உறையே இல்லாமல் முதுகுப் பக்கம் பித்தளைக் கொக்கியில் மாட்டுவார்கள். இடுப்புக் கச்சையில் செருகும் பீச்சேகத்திக்கோ வெள்ளி வேலைப்பாடு செய்த உறை. கண்ணைப் பறிக்கும் அழகுதான் அது. ஆனாலும் மறுநாள் சாயங்காலம் நான் பார்த்த உறையை அதற்குக் கீழே வைக்க எனக்கு மனம் வரவில்லை. கண்ணாடிச் சில்லால் சுரண்டி, மெழுகுவத்தி தேய்த்து, ஓரம் கறுப்பு விதை போல மின்னியது. பாய் கத்தியை உறைக்குள் விட்டார். முக்கால் தூரம் சும்மா வழுக்கிப் போயிற்று. பிறகு 'சொக்' என்று ஒரு சின்னச் சத்தம். தலைகீழாகக் கவிழ்த்து உதறினார். கத்தி அசையவில்லை. பட்டன் இல்லை, வார் இல்லை, தோலின் பிடி மட்டும்.

"ராத்திரி கத்தியை இதுக்குள்ள தூங்க விடாதீங்க பாய். கழுவி, ஈரம் போகத் தொடச்சு, எண்ணெய் தடவி வெளிய வையுங்க. தோல்ல ஈரம் நிக்கும், துரு ஏறிடும்" என்றார் பெரியவர்.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய தோல் பையோ, ஓட்டை கிழிந்த பெல்ட்டோ கிடந்தால் குப்பை வண்டியில் போட்டுவிடாதீர்கள். உங்கள் தெருமுனையில் செருப்புத் தைக்கிறவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.