விண்ணப்பத்தில் அடங்காத போர்

தமிழில் யுத்த இலக்கியம் இல்லாததற்கு, நமக்கு யுத்த அனுபவம் இல்லை என்று காரணம் சொல்லப்படுகிறது. உப்பூர், தொண்டிக் கரையை அறிந்தவர்கள் இதை ஏற்கமாட்டார்கள். இராமநாதபுரம் சீமையிலிருந்து பர்மாவுக்கும் மலேயாவுக்கும் பிழைக்கப் போனவர்களில் பலர் இந்திய தேசிய ராணுவத்தில் துப்பாக்கி தூக்கியவர்கள்.

அனுபவம் இருந்தது, அதைக் கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. 1972ல் மத்திய அரசு தியாகிகள் பென்ஷன் திட்டத்தைக் கொண்டுவந்தது. திரும்பிவந்த சிப்பாய் தன் யுத்தத்தைப் பற்றி எழுத நேர்ந்தது பெரும்பாலும் அந்த விண்ணப்பத்தில்தான். விண்ணப்பம் கேட்டது சிறையிருந்த மாதங்களை, உடனிருந்தவரின் சான்றிதழை. 1944ல் இம்பாலிலிருந்து பின்வாங்கியபோது பசியும் மலேரியாவும் மனிதனை என்னவாக ஆக்கின, எதிரே நின்றவனும் இந்தியச் சிப்பாய் என்பது விசையிலிருந்த விரலுக்கு எப்படி இருந்தது என்பதற்கெல்லாம் படிவத்தில் இடமில்லை. தேசம் அவனைத் தியாகி ஆக்கிற்று, சாட்சி ஆக்கவில்லை.

அதே 1972ல்தான் ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ வெளிவந்தது. சிங்கம்புணரிக்காரரான சிங்காரம் சிப்பாய் அல்ல. 1938ல் மெடானுக்குக் கடை வேலைக்குப் போனவர். இம்பால் அவருடைய களமும் அல்ல. மெடானும் பினாங்குமே களம். ஆனால் படிவம் விட்டுவைத்த இடத்தில் நாவல் நுழைகிறது. பாண்டியன் ராணுவத்தில் சேர்வதில் தேசபக்தியோடு, கணக்குப் புத்தகத்திலிருந்து தப்பிக்கும் வெறியும் இருக்கிறது. கொலைக்கும் மதுரைத் தெருக்களின் நினைவுக்கும் நடுவே அவன் மனம் சுவர் எழுப்புவதில்லை. முந்தைய ‘கடலுக்கு அப்பால்’ (1959) நாவலில், ராணுவத்துக்குப் போய்வந்த செல்லையாவுக்கு முதலாளி பெண் தர மறுக்கிறார். துப்பாக்கி பிடித்த கை பெட்டியடிக்கு உதவாது என்கிற இந்த வணிக நியாயம், எந்தப் பாராட்டு விழாவையும்விட உண்மையானது.

நேரடி அனுபவம் இல்லாமல் படைப்பு இல்லை என்ற வாதத்தை சிங்காரம் உடைத்துவிட்டார். ஆனாலும் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். பாண்டியனுக்குச் சாகசம் எளிதாகக் கைகூடுகிறது. துணிவு இருக்கிறது, சிந்தனை இருக்கிறது, குடலைப் பிசையும் பயம் போதவில்லை. அந்தப் பயத்தைச் சொல்லியிருக்கக் கூடியவர்கள் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

இன்று அவர்களில் அநேகமாக எவரும் இல்லை. தகரப்பெட்டிகளில் மிஞ்சிய காகிதங்களிலிருந்து இன்னும் தியாகி வரலாறுகள் எழுதப்படும். அவற்றுள் ஒரு கோழையாவது தென்படுகிறானா என்று பார்க்க வேண்டும். அவன் வராதவரை நம் யுத்த இலக்கியம் பென்ஷன் படிவத்தின் நீட்சிதான்.